ஸ்டாண்டு மாமா

மாமாவின் பெயரைச் சொன்னால் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. ஸ்டாண்டு மாமா என்றால் நாய்கூட வழி காட்டும். பள்ளி வேன் ஓட்டுகிறவர். சைடு ஸ்டாண்டை மடக்காமல் எவன் பைக்கைக் கிளப்பினாலும் வேன் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டி, "ஸ்டாண்டு! ஸ்டாண்டு!" என்று கத்துவார். அந்தக் கத்தலைக் கேட்பதற்காகவே நான் ஸ்டாண்டை இறக்கிவிட்டு வண்டியை உருட்டுவதுண்டு.

பெரியம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று போன் வந்ததும் அம்மா, மாமா, நான் மூவரும் விமானம் ஏறினோம். தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் பெரியம்மா. அவள் கண்ணை மூடுவதற்குள் போய் நின்றுவிட வேண்டும் என்பது மட்டும்தான் மாமாவின் நினைப்பு.

விமானம் இன்னும் கிளம்பவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மாமா சட்டென்று நிமிர்ந்தார். இறக்கைக்கு அடியில் ஏதோ ஒழுகிக்கொண்டிருந்தது. முன் சீட்டுக்காரரும் அதைப் பார்த்தார்; பார்த்து, செல்போனில் படம் எடுத்தார். பின்னால் ஒருவர், "ஏசி தண்ணியா இருக்கும்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மாமா எழுந்துவிட்டார். "ஏம்மா, றெக்கையில ஒழுகுது!"

"டேய், உக்காருடா. மானத்த வாங்காத" என்று அம்மா சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

பணிப்பெண் சிரித்த முகத்தோடு வந்தாள். வெளியே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"சார், பயமா இருக்கா?"

"ஆமாம்மா, பயமாத்தான் இருக்கு. அதனாலதானே சொல்றேன்."

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. பயணி பயப்படுகிறார், இறக்கிவிட வேண்டும் என்று தகவல் போனது. இரண்டு காவலர்கள் வந்தார்கள். "நான் இறங்கறேன்னு சொல்லலயே! எங்கக்காவப் பாக்கணும்யா!" என்றவரைத் தோளைப் பிடித்துக் கூட்டிப் போனார்கள். அம்மா எழப் பார்த்து, எழாமல், என் கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டாள். அக்காவிடம் ஒருத்தியாவது போய்ச் சேர வேண்டுமே.

பிறகு ஏணியோடு ஆட்கள் வந்து இறக்கைக்கடியில் எதையோ முறுக்கி, துடைத்துவிட்டுப் போனார்கள். ஒழுகல் நின்றது. விமானம் கிளம்பியது, மாமா இல்லாமல்.

"தம்பி எங்கடி?" என்று பெரியம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். "வந்துட்டே இருக்கான்க்கா." பஸ் மாறி மாறி மாமா வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மாவைப் பார்த்ததும், "றெக்கையில ஒழுகுனது நின்னுச்சா?" என்றார். அம்மா தலையாட்டினாள். அப்புறம்தான் அழுதார்.

துக்க வீட்டில் பெரியம்மாவின் மருமகன் அத்தனை பேர் முன்னால் சொன்னார்: "பிளேனுக்குப் பயந்து அக்காவையே கோட்டை விட்டுட்டீங்களே மாமா!" அம்மா வாயைத் திறந்தாள். மாமா கண்ணாலேயே அடக்கினார். ஏன் கூட இறங்கவில்லை என்று அடுத்த கேள்வி அவள் பக்கம் திரும்பும் என்று அவருக்குத் தெரியும்.

மருமகன் வெளியே போய் பைக்கைக் கிளப்பினார். ஸ்டாண்டு இறங்கியே இருந்தது. நான் பார்த்தேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். போகட்டும், தெரு முனையில் திரும்பும்போது தெரியும் சேதி.

எனக்குப் பின்னாலிருந்து, அழுத முகத்தோடு, செருப்புகூடப் போடாமல் ஓடினார் ஒருவர்.

"மாப்ள! ஸ்டாண்டு! ஸ்டாண்டு!"