செல்வி அக்காவின் இடது கை

"யோகா கத்துக்க மயிலாப்பூர்லேருந்து யாராவது பாலித் தீவுக்குப் போவாங்களா?" என்று என் கணவர் கேட்காத நாளில்லை. நானோ போகத் துடித்தேன். அங்கே நடக்கும் யோகா ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க, யோகாவே தெரியாத ஒருவருக்கு நான் பத்து நிமிடம் கற்றுத்தரும் வீடியோ வேண்டுமாம்.

தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் செல்வி அக்காவைக் கேட்டேன். சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். உள்ளுக்குள் அவர்மீது எனக்கு ஒரு கடுப்பு உண்டு. துணி மூட்டையை எப்போதும் இடது கையால்தான் வாங்குவார். மரியாதை தெரியாதவர் என்று முடிவு கட்டியிருந்தேன்.

மொட்டை மாடியில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, "ரெண்டு கையையும் மேல தூக்குங்கக்கா" என்றேன். இடது கை உயர்ந்தது. வலது கை தோளுக்குக் கீழேயே நின்றுவிட்டது.

"இன்னும் கொஞ்சம்..."

"அவ்ளோதாம்மா வரும். இஸ்திரிப் பொட்டி போட்டுப் போட்டு ரெண்டு வருசமா இந்த நோவு கீது. அதான் உன் மூட்டையக்கூட இந்தக் கையால வாங்கிக்கினு கீறேன். தப்பா நெனச்சிக்காத."

நான் அவர் அருகில் போய் நின்றேன். பிறகு, "எங்கக்கா வலிக்குது?" என்று கேட்டேன். மீதி நேரம் முழுக்க வலிக்கும் இடங்களை அவர் காட்டினார், நான் பார்த்தேன்.

அதே வீடியோவை அனுப்பிவிட்டேன். விண்ணப்பத்தில் அனுபவம் ஏழு ஆண்டுகள் என்று எழுதும்போது, அந்தத் தோளைக் கவனிக்காததை நினைத்துக் கூசியது.

பதில் இன்னும் வரவில்லை. நேற்று துணி கொடுக்கப் போனபோது, அவர் கையை நீட்டுவதற்கு முன்பே, மூட்டையை அவருடைய இடது பக்கமாக நீட்டினேன்.