லைன் மேல் போட்ட பழி

தொண்ணூறுகளின் கடைசியில் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை பார்த்தேன். மத்திகிரியில் வாடகை வீடு. ஷிஃப்ட் முடிந்ததும் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போவேன். ஆறு மாதம் சி லாங்க்வேஜ் படித்ததைத்தான் ஒரு பெங்களூர் சாஃப்ட்வேர் கம்பெனிக்கு அனுப்பிய பயோடேட்டாவில் இரண்டு வருட அனுபவம் என்று எழுதியிருந்தேன். எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்றார்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது.

என்னிடம் ஃபோன் கிடையாது. பக்கத்து வீட்டுப் பாயின் நம்பரைக் கொடுத்திருந்தேன். அவர் ராயக்கோட்டையில் தக்காளி எடுத்து பெங்களூருக்கு லோடு அனுப்புகிறவர். ஃபோன் இல்லாவிட்டால் அவருக்கு வியாபாரமே இல்லை. ஞாயிறு காலை பத்து மணிக்கு ஃபோனிலேயே இண்டர்வியூ என்று நான் சொன்னதும், அந்த ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடக் கூடாது என்று மண்டி ஆட்களிடமெல்லாம் சொல்லி வைத்தார். அவர் மனைவி டிவியை அணைத்து, எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

சரியாகப் பத்துக்கு மணி அடித்தது. மறுமுனையில் ஒரு பெண். இங்கிலீஷில் நிதானமாகக் கேட்டார். முதல் இரண்டு கேள்விகள் போயின. மூன்றாவது, வரிசையாகக் கோர்த்து வைத்த தகவல்களை முன்பின்னாக மாற்றுவது எப்படி என்பது. அனுபவம் உள்ளவனுக்குச் சாதாரணக் கேள்வி. நான் மடியில் வைத்திருந்த புத்தகத்தைப் புரட்டினேன்.

"ஆர் யூ லுக்கிங் அட் எ புக்?" என்றார்.

"நோ மேடம்."

அவர் தமிழுக்கு மாறி, "பயோடேட்டால தமிழ்னு போட்டிருக்கீங்க. இங்கிலீஷ்தான் பிரச்சினைன்னா தமிழ்லயே சொல்லுங்க. கோடு எழுத வேண்டாம், எப்படி யோசிப்பீங்கன்னு சொன்னா போதும்" என்றார்.

அதுவரை இங்கிலீஷ்தான் என்னைக் கைவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தமிழில் கேட்டபோதும் என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை. "சரிங்க, தேங்க்ஸ்" என்று அவர் வைத்துவிட்டார். கடிகாரத்தில் பத்து பன்னிரண்டு.

கதவைத் திறந்தால் பாயும் அவர் மனைவியும் எதிரே நின்றிருந்தார்கள்.

"அதுக்குள்ள முடிஞ்சுதா தம்பி?"

"லைன் சரியில்ல பாய். கொரகொரன்னு ஒரே சத்தம். அவங்க பேசறது எனக்குக் கேக்கல, நான் பேசறது அவங்களுக்குக் கேக்கல."

யோசித்துச் சொன்னதல்ல. வாயில் அதுதான் வந்தது. பாயின் முகம் சுருங்கிப் போயிற்று. தன் வீட்டு ஃபோனால் என் வேலை போய்விட்டது என்று அவர் மனைவி அழாத குறை.

மறுநாள் காலை சத்தம் கேட்டு வெளியே வந்தேன். பாய் டெலிஃபோன் லைன்மேனைத் தன் வாசலில் நிற்க வைத்துக் கத்திக்கொண்டிருந்தார். "ஒரு பையனோட வாழ்க்கையே போச்சு! உங்களுக்கெல்லாம் எதுக்குச் சம்பளம்?" அந்த மனிதர் கருவியைக் காதில் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "லைன் கிளியரா இருக்குங்க" என்று மட்டும் சொன்னார். நான் என் வாசலிலேயே நின்றேன். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். உள்ளே போய்விட்டேன்.

மூன்று நாள் பாயின் கண்ணில் படாமல் சுற்றினேன். நாலாம் நாள் அவர் மனைவி, பாயே கம்பெனிக்கு ஃபோன் போட்டு இன்னொரு தடவை இண்டர்வியூ வைக்கச் சொல்லிக் கேட்கப் போகிறார் என்றார். ஓடிப்போய்ப் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன், இரண்டு வருடப் பொய் உட்பட. கம்பெனி நம்பரை என்னிடம் எழுதி வாங்கத் துண்டுக் காகிதத்தை எடுத்து வைத்திருந்தார் பாய். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"உங்க வேலை உங்க பாடு. அந்த ஆளை என்னென்ன பேசிட்டேன் நான்! கிளம்புங்க."

ஸ்கூட்டரில் என்னை உட்கார வைத்து லைன்மேனைத் தேடினார். கால்நடைப் பண்ணைக்குப் பக்கத்தில், பஸ் ஸ்டாப்பை ஒட்டிய கம்பத்தின் உச்சியில் இருந்தார் அவர். கீழிருந்து பாய், "அண்ணா, அன்னிக்கு என் மேலதான் தப்பு, மன்னிச்சிருங்க" என்று கும்பிட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"லைன்ல தப்பில்லீங்க" என்றேன்.

"என்ன? லாரி சத்தத்துல கேக்கல!" என்றார் மேலிருந்து.

"லைன் நல்லாத்தான் இருந்துச்சு! எனக்குத்தான் பதில் தெரியல!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். டவுன் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அவர்களில் என் ஷிஃப்ட்காரர்கள் நாலு பேர்.

லைன்மேன், "சரி, போங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி ஒயரைப் பிடித்தார்.

பாய் லோடு பார்க்கப் போய்விட்டார். அன்று எனக்கு இரண்டாவது ஷிஃப்ட். அதே பஸ்ஸில்தான் ஏறினேன். நாலு பேரில் ஒருவன் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு, "என்ன கேள்விடா கேட்டாங்க?" என்றான். ஃபேக்டரி கேட் வரும்வரை நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.