தலைப்பை மட்டும் சிபாரிசு செய்தவர்

வில்லியனூரில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் ஒரு நூலகம் இருந்தது. நூலகம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தலைமை ஆசிரியர் அறையில் ஒரு கண்ணாடி அலமாரி, அவ்வளவுதான். அதற்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரு சாவி, சாவி தலைமை ஆசிரியரின் கோட்டுப் பையில். வெயில் காலத்திலும் அந்தக் கோட்டை அவர் கழற்றியதில்லை. அதனால் புத்தகங்கள் மிகப் பத்திரமாக இருந்தன.

அவர் நம்மூர்த் தமிழர்தான். ஆனால் 'வாத்தியாரே' என்று யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். 'முசியே' என்று பிரெஞ்சில் அழைத்தால்தான் காது கேட்கும். எங்களைப் போன்ற பதினாலு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் கெட்டுப்போகாமல் இருக்கும் வழி நல்ல நூல்களைப் படிப்பதே என்று அவர் உறுதியாக நம்பினார். அதற்காக அறை வாசலில் ஒரு கரும்பலகை மாட்டி, 'இளைஞர்கள் இம்மாதம் அவசியம் படிக்க வேண்டிய நூல்' என்று அழகான கையெழுத்தில் எழுதிவைப்பார். படிக்கக் கொடுக்க மாட்டார். கொடுத்தால் அழுக்காகிவிடும்.

சிபாரிசுகளும் எங்கள் ஊருக்குப் பொருத்தமானவைதான். பனி கொட்டும் தெருவில் ஒரு சீமாட்டி எதிர்ப்பட்டால் தொப்பியை எந்தக் கையால் எடுக்க வேண்டும் என்று சொல்லும் ஒரு நூல். உறைந்துபோன ஏரிமேல் நடக்கும்போது எச்சரிக்கையாக இருப்பது எப்படி என்று இன்னொன்று. அரியூரிலிருந்து வெறுங்காலுடன், வரப்பு வழியாகக் கொதிக்கும் மண்ணில் நடந்துவந்த எனக்கு இவையெல்லாம் மிகவும் உதவியிருக்கும். ஒன்றைக்கூடப் படிக்காமல் எப்படியோ உயிர்பிழைத்துவிட்டேன்.

படிக்காவிட்டாலும் அவற்றைப் பற்றிச் சொல்ல எங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு நூலுக்கும் தலைமை ஆசிரியர் நாலு வரி பிரெஞ்சில் சொல்லித்தருவார். மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டால் நூலைப் படித்ததாகக் கணக்கு.

ஒருநாள் புதுச்சேரியிலிருந்து வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று செய்தி வந்தது. தேர்த் திருவிழாவுக்கு மட்டும் வெள்ளையடிக்கும் ஊரில், திருவிழா இல்லாமலே பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடித்தார்கள். அந்த மாதத்துச் சிபாரிசு ஒரு நாவல். அதன் தலைப்பில் 'கடமை' என்ற சொல் இருந்தது. இளைஞர்களுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? அதைப் பற்றிய நாலு வரியை ஒப்பிக்க என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். எனக்கு அறிவு அதிகம் என்பதால் அல்ல. என்னிடம்தான் கிழியாத சட்டை இருந்தது.

இன்ஸ்பெக்டர் தொந்தியும் சிரித்த முகமுமாக வந்தார். நான் எழுந்து நின்று, அந்த நூலில் விளங்கும் உன்னதமான கடமையுணர்ச்சி என் உள்ளத்தை உருக்கியது என்று மூச்சுவிடாமல் பிரெஞ்சில் சொன்னேன். அவர் மகிழ்ந்துபோனார். அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்டார்.

அலமாரி திறந்தது. புத்தகம் வந்தது. அந்தக் காலத்தில் பிரான்சிலிருந்து வந்த புத்தகங்களில் தாள்களை மடித்துத் தைத்திருப்பார்கள். விளிம்பை வெட்டியிருக்க மாட்டார்கள். வாங்கியவர்தான் கத்தியால் பக்கம் பக்கமாக வெட்டிக்கொண்டே படிக்க வேண்டும். எங்கள் கடமை நூலில் ஒரு பக்கம்கூட வெட்டப்படவில்லை. அச்சாபீசில் எப்படிப் பிறந்ததோ அப்படியே இருந்தது.

இன்ஸ்பெக்டர் தலைமை ஆசிரியரைப் பார்த்தார். அவர் துளியும் அசரவில்லை. "எங்கள் மாணவர்கள் புத்தகத்தின்மேல் அவ்வளவு மரியாதை வைத்திருக்கிறார்கள், முசியே. வெட்டாமலே, மடிப்பைத் தூக்கிப் பார்த்துப் படிப்பார்கள்" என்றார்.

"அப்படியா? எங்கே, படித்துக் காட்டு பார்ப்போம்" என்று இன்ஸ்பெக்டர் புத்தகத்தை என் கையில் கொடுத்தார்.

நான் மடிப்பைத் தூக்கி, குளவிக் கூட்டுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல ஒரு கண்ணை உள்ளே வைத்தேன். இருட்டில் தெரிந்த வரியை உரக்கப் படித்தேன். 'அவன் அவளை மீண்டும் மீண்டும் முத்தமிட்டான்' என்று இருந்தது.

இன்ஸ்பெக்டர் சிரித்தார் பாருங்கள், தொந்தி குலுங்கி, கண்ணில் நீர் வரும்வரை. தன் பேனாக்கத்தியை எடுத்து முதல் பத்துப் பதினைந்து மடிப்புகளைத் தானே வெட்டினார். இந்தப் பையன் இதை வீட்டுக்கு எடுத்துப்போய் வெட்டி முழுதும் படிக்கட்டும் என்று உத்தரவு போட்டுவிட்டுக் காரில் ஏறினார். தலைமை ஆசிரியர் கோட்டுக்குள் வேர்த்துக்கொண்டு நின்றார்.

இப்படித்தான் எங்கள் நூலகத்தின் முதல் புத்தகம் வெளியுலகைப் பார்த்தது.

அது தை மாதம். எங்கள் கொல்லையில் கரும்பு வெட்டி, ஆலையாட்டி, வெல்லம் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் நான் கொட்டகையில் உட்கார்ந்து, கரும்பு சீவும் கத்தியால் பக்கங்களை வெட்டிக்கொண்டிருந்தேன். அப்பா பாகுக் கொப்பரையைக் கிளறியபடியே பார்த்தார். அவருக்குப் பிரெஞ்சும் தெரியாது, தமிழ் எழுத்தும் தெரியாது.

"இன்னாடா அது?"

"புஸ்தகம்பா. பள்ளிக்கூடத்துல படிக்கச் சொன்னாங்க. தொரையே சொல்லிட்டுப் போனாரு."

"தொரை சொன்னதா? அப்போ நல்லதா இருக்கும். எங்களுக்கும் சொல்லு, கேப்போம்."

சொன்னேன். ஒரு மாவு மில்காரர். அவருக்கு ஒரே மகள். அவள் ஒரு படகோட்டியை விரும்புகிறாள். அப்பன்காரனோ அவளை வயதான நொத்தேருக்கு, அதாவது சொத்துப் பத்திரம் எழுதும் பெரிய மனிதருக்கு, கட்டிக்கொடுக்க முடிவு செய்துவிட்டான். தெரியாத சொற்களைத் தாண்டிக் குதித்தேன். முத்தம் வந்த இடங்களில் 'பேசிக்கினு இருந்தாங்க' என்று மொழிபெயர்த்தேன். படகோட்டியும் அந்தப் பெண்ணும் அளவுக்கு மீறிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் நாளே கொட்டகையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அம்மா சோற்றுக் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் போக மனமில்லாமல் நின்றாள். அக்கா வெல்லம் உருண்டை பிடித்துக்கொண்டே கேட்டாள். அப்பா, சந்தேகமே இல்லாமல், மில்காரர் கட்சி.

"பெத்தவன் சொன்னா கேக்கணும். நொத்தேருன்னா சும்மாவா? வூடு, நெலம்னு எம்மாம் சொத்து இருக்கும்!"

"அந்தப் பொண்ணப் பெத்தவளுக்கு வாய் இல்லியா?" என்றாள் அம்மா.

"அவ ஆரம்பத்துலயே செத்துட்டாம்மா."

"அதானே பாத்தேன்."

அக்காவுக்கும் அப்போது நெட்டப்பாக்கத்தில் ஒரு சம்பந்தம் பேசி முடியும் நிலையில் இருந்தது. மாப்பிள்ளைக்கு நஞ்சை நிறைய. முதல் தாரம் இறந்துபோய், தலையில் பாதி நரை. அதைப் பற்றி வீட்டில் எல்லோரும் பேசினார்கள், அக்காவைத் தவிர. கதை ஓடிய நாட்களிலும் அவள் வாய் திறக்கவில்லை. ஒருநாள் மட்டும், உருண்டை பிடித்த கையை நிறுத்தாமல் என்னிடம் கேட்டாள்.

"அந்த மில்லுக்காரரு, ஒனக்கு இஷ்டமாம்மான்னு அவள ஒரு வார்த்தை கேட்டாரா?"

நான் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். "இல்லக்கா. இதுவரைக்கும் கேக்கல."

அப்பா கொப்பரையைக் கிளறினார். பாகு பதம் தாண்டிக் கருகும் வாசனை வந்த பிறகுதான் நிமிர்ந்தார்.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் புத்தகத்தைக் கேட்டார். இன்ஸ்பெக்டர் வெட்டிய பக்கங்களை அவரும் வாங்கிப் பார்த்தார். பத்து நிமிஷம் வாசித்தார். காது சிவந்துவிட்டது.

"இது உன் வயசுக்கு ஏத்தது இல்ல. இங்கயே இருக்கட்டும்."

"நீங்கதானே முசியே சிபாரிசு பண்ணீங்க?"

"நான் தலைப்பை மட்டும்தான் சிபாரிசு பண்ணேன்" என்று சொல்லி, புத்தகத்தைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். அலமாரிக்குள் அல்ல என்பதைக் கவனித்தேன்.

கொட்டகையில் சேதியைச் சொன்னதும் வசவு கிளம்பியது. இன்னும் கால்வாசி மீதி. கதையில் கலியாணத்துக்குப் பந்தல் போட்டாகிவிட்டது, படகோட்டி ஆற்றங்கரையில் நிற்கிறான். இந்த நேரத்தில் புத்தகத்தைப் பிடுங்குவதா? அப்பா நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு காலையில் துவைத்த வேட்டியும் தோளில் துண்டுமாக, இரண்டு உருண்டை வெல்லத்தோடு என்கூடப் பள்ளிக்கூடம் வந்தார்.

தலைமை ஆசிரியர் வெல்லத்தைப் பார்த்ததும் தமிழுக்கு இறங்கி வந்தார். "வாங்க கவுண்டரே. பையன் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டானா?"

"அதெல்லாம் இல்லீங்க. அந்த மில்லுக்காரன் பொண்ணு அப்புறம் இன்னா ஆனா? அதக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

தலைமை ஆசிரியர் என்னை முறைத்தார். அந்த நூலைத் தாம் தொடவே இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் முழுக் கதையையும் படித்துவிட்டு, அதைப் பற்றிப் பேச ஊரில் ஒரு ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. கதவைச் சாத்தினார். அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்தார். அந்த நாற்காலியில் அதற்குமுன் எந்தக் குடியானவனும் உட்கார்ந்ததில்லை.

"நொத்தேரைத்தான் கட்டிக்கிட்டா கவுண்டரே. அப்பா சொல்லைத் தட்டலை. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை. ரெண்டாவது பனிக்காலத்துல நெஞ்சுல சளி கட்டிச்சு. அப்பாவைப் பார்க்கணும்னு சொல்லி அனுப்பினா. அவர் வண்டி கட்டிக்கிட்டுப் போய்ச் சேர்றதுக்குள்ள..."

மேலே சொல்ல முடியாமல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த மனிதர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"செத்துட்டாளா?" என்றார் அப்பா.

"கடமையைச் செஞ்சா."

"செத்துப் போறதுல இன்னாங்க கடமை? இதையா புள்ளைங்க படிக்கணும்னு பலகையில எழுதிப் போட்டீங்க?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

அன்று சாயங்காலம் நான் கொட்டகைக்குப் போனபோது எல்லோரும் அப்பாவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவர் முடிவைச் சொல்லிக்கொண்டிருந்தார். கலியாணத்துக்கு முந்தின நாள் மில்காரருக்குப் புத்தி வந்ததாம். மகளைக் கூப்பிட்டுக் கேட்டாராம். நொத்தேரை, வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பிவிட்டாராம். பிரெஞ்சுக்காரர் எழுதியதைவிட நன்றாகத்தான் இருந்தது. ஒரு மழைகூடப் பெய்யவைத்திருந்தார்.

அக்கா என்னைப் பார்த்தாள். "மெய்யாலுமாடா?"

அப்பாவும் என்னைப் பார்த்தார்.

"ஆமாக்கா. அப்படித்தான் போட்டிருக்குது" என்றேன்.

அந்த வாரமே அப்பா நெட்டப்பாக்கத்துக்குப் போய், ஜாதகம் சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். ஜாதகத்தை யாரும் பார்க்கவே இல்லை. பள்ளிக்கூட வாசலில் கரும்பலகை கொஞ்ச நாள் வெறுமையாக இருந்தது. அப்புறம் தலைமை ஆசிரியர் தேனீ வளர்ப்பு பற்றிய ஒரு நூலின் பெயரை எழுதிப்போட்டார். இந்த முறை முதலில் அவரே வெட்டிப் படித்துப் பார்த்தார் என்று கேள்விப்பட்டேன்.

மறு வருஷம் பாகூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அப்பா அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "ஒனக்கு இஷ்டமாம்மா?" என்று கேட்டார். கேட்டதும் தலை குனிந்து சரி என்பாள் என்று எல்லோரும் காத்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் கையில் காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"யோசிச்சுச் சொல்றேம்பா" என்றாள் அக்கா. அறுவடை முடியும்வரை யோசித்தாள்.