ரீச்சரின் அந்தூரியம்

ஊரில் சண்டை மூண்டதும் கொழும்பிலிருந்த மகளிடம் புறப்பட்ட அடுத்த வீட்டுப் பள்ளிக்கூட ரீச்சர், வீட்டைப் பூட்டிய திறப்பை என்னிடம் தரவில்லை. தன் அந்தூரியப் பூச்சாடியைத் தந்தார்.

"வீடு போனா போகட்டும் புள்ள. இது நான் வாற வரைக்கும் உசிரோட கிடக்கணும்."

தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரி.

நாலாம் மாதம் இலைக்கடியில் பஞ்சு ஒட்டினதுபோல வெள்ளைப் பூச்சி பிடித்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் வெல்லாவெளிக்காரர். எங்கள் வழக்கப்படி கல்யாணம் முடித்துப் புளியந்தீவில் என் வீட்டோடு வந்து தங்கியவர். வயல் வட்டையில் நெல்லுக்கு மருந்தடித்தே வளர்ந்தவருக்கு இதெல்லாம் ஒரு பூச்சியா?

"விடு புள்ள, ஒரு அடியில போயிரும்" என்றார்.

முதுகில் சுமக்கும் ரேங்கு நிறையத் தண்ணீருக்கு ஊற்றுகிற அளவு மருந்தை அப்படியே ஒரு செம்புத் தண்ணீரில் கலந்து தெளித்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். மூன்றாம் நாள் பூச்சியும் இல்லை, இலையும் இல்லை. நடுவில் விரல் நீளக் குருத்தொன்று மட்டும் பச்சையாக நின்றது.

இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. பூச்சி மட்டும் ரோசமில்லாமல் திரும்பி வந்தது.

பிறகு மருந்துப் போத்தலை அவர் தொடவேயில்லை. ஊரடங்கு நாட்களில் வெளியே போக வழியுமில்லை. காலையில் விறாந்தையில் குந்தி, பழைய பல் பிரஷைச் சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்துக் குருத்தைத் துடைப்பார். நான் எதிரிலிருந்து பிழை பிடிப்பேன்.

"இஞ்ச பாருங்க, இதில ஒண்டு கிடக்கு."

"கண்டனான். கொஞ்சம் பொறு."

அந்த நாட்களில் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் இருந்தோம்.

ஒன்றரை வருடம் கழித்து ரீச்சர் வந்து இறங்கினார். அவர் வீட்டுக் கூரையில் பாதி ஓடு இல்லை. அதை நிமிர்ந்தும் பாராமல் நேரே எங்கள் விறாந்தைக்கு வந்தார். ஐந்து இலை, ஒரு சிவப்புப் பூ. யாரும் கேட்காமலே என் வீட்டுக்காரர் தன் குற்றத்தை ஒன்றும் விடாமல் ஒப்புவித்தார். ரீச்சர் இலைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இதுவும் போயிருந்தா நான் கிறுகித் திரும்பி மகள்ட்டயே போயிருப்பன்" என்றார்.

அன்று பின்னேரமே சாடி அடுத்த வீட்டுக்குப் போனது.

மறுநாள் காலை என் வீட்டுக்காரர் பிரஷும் கையுமாக விறாந்தையில் வந்து நின்றார். சாடி இருந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம் மட்டும் இருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ரீச்சருக்குக் கண் பார்வை அவ்வளவு காணாது, புள்ள" என்று சொல்லிக்கொண்டே போய் ரீச்சர் வீட்டு வாசல் படலையைத் திறந்தார்.

நான் தேத்தண்ணியை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தேன்.