முத்திரை ஒட்டாத இரண்டு உறைகள்

லிப்டில்

“மெல்லத் தள்ளு. முதல் முடிவு வரட்டும், பிறகு போகலாம்” என்று ஸ்ட்ரெச்சரில் கிடந்தவர் லிப்டின் கதவைப் பிடித்துக்கொண்டார். பித்தப்பையை உடனே எடுக்க வேண்டியவர். வலியில் முகம் வெளிறிப்போயிருந்தது, பிடி மட்டும் தளரவில்லை. நான் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவனுக்கு வழி தெரிந்தால் போதும், அபிப்பிராயம் வேண்டியதில்லை. எங்கள் தொழிலில் முதல் நாளே இதைச் சொல்லித் தந்துவிடுவார்கள்.

கனடாவை விட்டுப் பிரிவதா, இல்லையா என்று கியூபெக் வாக்களித்த நாள் அது. முப்பது வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது இன்னொன்று வரும் என்கிறார்கள். நாட்டின் தலைவிதி பக்கத்து அறைத் தொலைக்காட்சியில் தீர்மானமாகிக்கொண்டிருக்க, கையில் மூத்திரப் போத்தலோடு நடைபாதையில் நின்றவர்கள் உங்களில் யாராவது இருந்தால் நான் சொல்வது புரியும். அந்த மாலை ஷிப்டில் மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு ஆஸ்பத்திரியில் நான் இருந்தேன்.

சத்திரசிகிச்சை அறை வாசலில் அவர் டொக்டரின் கையைப் பிடித்தார். “டொக்டர், நான் கண் விழிக்கும்போது எந்த நாட்டில் இருப்பேன்?”

டொக்டர் முகமூடியைக் கட்டிக்கொண்டே சொன்னார்: “ஏழாம் மாடியில்.”

ஜெயம் அண்ணையின் சட்டம்

என் மனைவி அப்போது கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தாள். கல்யாணமாகிப் பதினொரு நாளில் விட்டுவிட்டு வந்தவன் நான். பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுத்தால் சுகம் விசாரிக்க முன்னரே “பேப்பர் போட்டாச்சா?” என்று கேட்பாள். “போடப்போறன்” என்பேன். அவளைக் கூப்பிடுவதற்கான ஸ்பொன்சர் விண்ணப்பத்தை நிரப்பி மூன்று கிழமை ஆகியும் அது என் பையிலேயே இருந்தது. காரணம் ஜெயம் அண்ணை.

ஜெயம் அண்ணை ஏழாம் மாடியில் தரை துடைக்கிறவர். மன்னார்க்காரர். குடியுரிமை எடுத்துவிட்டவர் என்பதால் பார்க் எக்ஸ்டென்ஷனில் நாங்கள் குடியிருந்த கட்டடம் முழுவதற்கும் அவர்தான் சட்டத்தரணி. “கனடாவுக்கு ஒரு விண்ணப்பப் பாரம், கியூபெக்குக்கு ஒரு விண்ணப்பப் பாரம். ரெண்டையும் நிரப்பி வை. எந்த நாடு மிஞ்சுதோ அதுக்குப் போடு. அவசரப்பட்டு இல்லாமல் போற நாட்டுக்குப் போட்டியெண்டால், மனுசி லொட்ஜிலேயே கிழவியாயிடுவா” என்றார். எங்கள் கட்டடத்தில் நான்கு குடும்பங்கள் இப்படி உறைகளை வைத்துக்கொண்டு காத்திருந்தன.

அன்று இரண்டு உறைகளையும் பொலித்தீன் பையில் சுற்றி, சீருடைக்குள் செருகிக்கொண்டு வந்திருந்தேன். முடிவு வந்ததும், பஸ் தரிப்பிடத்துத் தபால் பெட்டியில் சரியானதைப் போடுவதாகத் திட்டம். தபால் முத்திரையாவது ஒட்டி வைக்கலாமே என்று ஜெயம் அண்ணையைக் கேட்டேன்.

“விசரே உனக்கு? முடிவு வராமல் எந்த நாட்டு முத்திரை ஒட்டுவாய்?”

பிரஷர்

நேர்ஸ் கட்டில் கட்டிலாகப் பிரஷர் பார்க்க, நான் வண்டியை உருட்டிக்கொண்டு பின்னால் போனேன். முதலில் வந்த முடிவுகளில், பிரிவோம் என்ற ‘ஆம்’ முன்னால் நின்றது. ‘இல்லை’க்காரர்களுக்கெல்லாம் பிரஷர் ஏறியிருந்தது. ஒரு தாய்க்கு ஏறிய ஏற்றத்தைப் பார்த்து நேர்ஸ் கருவியைத் தட்டிப் பார்த்தார். ‘இல்லை’க்காரர் நிறைந்த மொன்றியலின் வாக்குப் பெட்டிகள் எண்ணப்படத் தொடங்கியதும் மறுபடி ஒரு சுற்றுப் போனோம். இப்போது அந்தத் தாய் சுகமாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ‘ஆம்’காரர்களுக்கு ஏறியிருந்தது. எனக்கும் பார்க்கச் சொல்லிக் கையை நீட்டினேன். இரண்டு சுற்றிலும் எனக்கு ஏற்றம்தான்.

தலைமை நேர்ஸ் எந்தப் பக்கம் என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. குறிப்புத் தாள்களை வாங்கிப் பார்த்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தார்.

“எல்லாவற்றையும் காலையில் திரும்ப எடுங்கள். இதைப் பார்த்தால் டொக்டர் ஒரு மாகாணத்துக்கே மாத்திரை எழுதிவிடுவார்.”

திரையின் இரு பக்கமும்

ஏழாம் மாடியின் கடைசி அறையில் இரண்டு கட்டில்கள். ஒன்றில் மிசியே கான்யோன், பிரெஞ்சுக்காரர், இடுப்பெலும்பு முறிந்தவர், ‘ஆம்’. மற்றதில் மிஸ்டர் மக்கே, ஆங்கிலக்காரர், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியர், ‘இல்லை’. நடுவில் துணித்திரை. மூன்று நாட்களாக அது இழுத்தே கிடந்தது, இருவரும் ஒரு சொல் பேசவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் தொலைக்காட்சியை நோயாளிதான் வாடகைக்கு எடுக்க வேண்டும். எடுத்திருந்தவர் கான்யோன். இரும்புக் கையில் தொங்கிய அந்தச் சின்னப் பெட்டி அவர் முகத்துக்கு நேரே இருந்தது. மக்கேக்குச் சத்தம் மட்டும்.

‘ஆம்’ முந்தியபோது கான்யோன் சத்தத்தை முழுதாகக் கூட்டினார். நடைபாதை அதிர்ந்தது. ஜெயம் அண்ணை பெட்டிக்கு எதிரே தரையின் அதே இரண்டு ஓடுகளை அரை மணி நேரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் போத்தலை எடுக்க வந்தவன், எடுத்தேன், நின்றேன். பிறகு இடைவெளி சுருங்கச் சுருங்கக் கான்யோனின் விரல் சத்தத்தை ஒவ்வொரு படியாகக் குறைத்தது. கடைசியில் படம் மட்டும் ஓடியது.

திரைக்கு அப்பாலிருந்து மக்கேயின் குரல் வந்தது: “மிசியே, நாட்டுப் பற்று காதில் விழவில்லை. கொஞ்சம் கூட்டுங்கள்.”

வாக்கில்லாதவன்

மயிரிழையில் ‘இல்லை’ வென்றது. தோற்ற பக்கத்தின் தலைவர் மேடையேறி, பணமும் வேற்றினத்தாரின் வாக்கும் தங்களைத் தோற்கடித்ததாகச் சொன்னார். அறையில் வேற்றினத்தார் இரண்டு பேர் நின்றோம். ஒருவர் கையில் துடைப்பம், ஒருவர் கையில் போத்தல். கான்யோன் பெட்டியை அணைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். “தம்பி, எனக்குப் பக்கத்து அறையில வேலை கிடக்கு” என்று ஜெயம் அண்ணை வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

“நீயுமா?” என்றார் கான்யோன்.

“எனக்கு வாக்கில்லை, மிசியே. குடியுரிமை இன்னும் இல்லை.”

“அப்படியானால் மாலை முழுவதும் என் தொலைக்காட்சியை ஏன் அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றாய்?”

போத்தலை வைத்து, கையைக் கழுவி, உறைகளை எடுத்துக் காட்டினேன். லொட்ஜில் இருக்கிறவளைப் பற்றிச் சொன்னேன். எந்த நாடு மிஞ்சும் என்று பார்த்திருந்ததையும் சொன்னேன். அவர் முப்பது வருடம் கியூபெக் அரசுக் கந்தோரில் விண்ணப்பங்களைச் சரிபார்த்தவர் என்பது எனக்குத் தெரியாது. கண்ணாடியைப் போட்டு இரண்டையும் கடைசிப் பக்கம்வரை படித்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரிக்கச் சிரிக்க இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

“இரண்டையுமே போட வேண்டும், முட்டாளே. நேற்றும் இரண்டுதான், நாளைக்கும் இரண்டுதான். ஒட்டாவாவுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று. நாங்கள் வென்றிருந்தால்தான் உனக்கு ஒன்று மிச்சம்.”

“எவ்வளவு நாளாக வைத்திருந்தான்?” என்று திரைக்கு அப்பாலிருந்து மக்கே கேட்டார்.

“மூன்று கிழமை” என்றார் கான்யோன். அவர்கள் இருவரும் நேராகப் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது.

“கடவுளே. அந்தப் பெண்ணுக்கு அதை யார் சொல்வது?”

நான்தான் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை.  “ஜெயம் அண்ணைக்கு நான் வந்து சொல்லுறன்” என்றாள் அவள். மூன்று கிழமையை வீணாக்கியவன் நான், அதற்குப் பிறகு ஒன்றேகால் வருடத்தை வீணாக்கியவை இரண்டு அரசுகள், ஆகவே அன்று யார் வென்றார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

அந்த இரவு, உறைகளைத் திருப்பித் தருமுன், முத்திரை இருக்கிறதா என்று கான்யோன் கேட்டார். இல்லை என்றேன். கட்டிலோரத்து லாச்சியைத் திறந்து, தமக்கைக்குக் கடிதம் போட வாங்கி வைத்திருந்த முத்திரைப் புத்தகத்தை எடுத்தார். ஒவ்வொன்றிலும் சிவப்பு இலையோடு கனடாக் கொடி. இரண்டைக் கிழித்து, நாக்கில் நனைத்து, உறைகளின் மூலையில் ஒட்டினார். ஓரம் எழும்பாமல் இருக்கப் பெருவிரலால் நெடுநேரம் அழுத்திப் பிடித்தார்.