சித்தப்பாவின் தலைத்துண்டு

அப்பாவுக்குக் கடலுக்குள் வேலை. ஹம்பாந்தோட்டைக்கு அப்பால், பாறையொன்றின் மேல் தனியாக நிற்கும் வெளிச்சவீட்டில் விளக்கேற்றுபவர்களில் அவரும் ஒருவர். பிலிமத்தலாவையிலிருந்த எங்கள் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். கண்டி வாவியைவிடப் பெரிய தண்ணீர் உண்டென்று அவர் சொன்னதை நான் நம்பியதில்லை.

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது அப்பாவின் அப்பா, எங்கள் தாத்தா, இறந்துபோனார். வெளிச்சவீட்டுக்குத் தந்தி போகாது. மூத்த மகன் செய்ய வேண்டியதையெல்லாம் சித்தப்பாவே செய்து மொட்டையும் போட்டுக்கொண்டார். பதினாறாம் நாள் காரியத்துக்காவது அப்பாவைக் கூட்டிவந்துவிட வேண்டுமென்று அம்மாவும் சித்தப்பாவும் கண்டியில் பஸ் ஏறினார்கள். அழுது அடம்பிடித்து நானும் ஒட்டிக்கொண்டேன்.

சாமான் கொண்டுபோகும் படகில் எங்களையும் ஏற்றிக்கொண்டார்கள். அம்மா வழியெல்லாம் வாந்தி எடுத்தாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெருமை இன்றைக்கும் உண்டு. பாறையை நெருங்கியபோது அலை பெரிதாக இருந்தது. சாமானைக் கயிற்றில் ஏற்றலாம், ஆளை இறக்க முடியாது, இனி இரண்டு வாரம் கழித்துத்தான் என்று படகுக்காரர் சொல்லிவிட்டார்.

அம்மா சித்தப்பாவிடம், "இப்ப சொல்ல வேணாம் தம்பி. எறங்கி வரவும் முடியாம அங்க நின்னுக்கிட்டு அவரு என்னதான் செய்வாரு?" என்றாள். சித்தப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார். தாத்தாவைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்ல வேண்டுமென்று எனக்கும் சொல்லித் தந்தார்கள்.

மேலே வாசலில் அப்பா வந்து நின்றார். "என்ன, எல்லாரும் கெளம்பி வந்துட்டீங்க? தாத்தா எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காருப்பா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அப்பா சிரித்தார்.

சித்தப்பா இரண்டு கையாலும் சாமான் மூட்டையைக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தபோது, காற்று அவர் தலைத்துண்டைக் கடலுக்குக் கொண்டுபோயிற்று. வெயிலில் மொட்டைத்தலை பளபளத்தது. நான் கைதட்டிச் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. கயிற்றைப் பிடித்தபடி நெடுநேரம் கீழே பார்த்தார். பிறகு எதுவும் கேட்காமல் மூட்டையை மேலே இழுத்துக்கொண்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மறுபடியும் வாந்தி வருகிறதென்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து அப்பா வீட்டுக்கு வந்தார். தலையில் முடியில்லை, மீசையும் இல்லை. சித்தப்பாவைப் பார்த்து ஆசைப்பட்டுத்தான் மொட்டை போட்டிருக்கிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "அன்னைக்கு நான் கத்துனது கேட்டுச்சாப்பா?" என்றேன்.

"நல்லாக் கேட்டுச்சும்மா" என்று என் தலையைத் தடவினார்.

அவ்வளவு கடல் இரைச்சலிலும் என் குரல் எட்டியிருக்கிறதே என்று பள்ளிக்கூடத்தில் பல நாள் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.