சைக்கிளுக்குள் கேபிள் கோர்த்த நாள்

எங்கள் ஏலத்தோட்டம் போடிமெட்டுக்கு மேலே இருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கி, சரளையும் ஏற்றமுமான மண்பாதையில் வெகுதூரம் உள்ளே போக வேண்டும். முன்பெல்லாம் என் வீட்டுக்காரர்தான் ஜீப்பில் கூட்டிப்போவார். ஜீப்பு ஓட்டுவதுதான் அவர் தொழில். காலையில் போடியிலிருந்து தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவார், சாயங்காலம் கொண்டுவந்து இறக்குவார். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்தபிறகு ஜீப்பை விற்றுவிட்டோம். கால் ஓரளவு தேறிவிட்டது. கை மட்டும் மடியிலேயே கிடந்தது. டாக்டர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்துப் பிசையச் சொன்னார். அவர் அதைத் தொடவில்லை. வாசலுக்கு நேரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். மலைக்குப் போகிற ஜீப்புச் சத்தம் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அந்தப் பாதையைத் தினமும் நடந்தே ஏற முடியாமல், தோட்டத்தையும் விற்றுவிடலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான், கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் தன்னுடைய பேட்டரி சைக்கிளை அனுப்பிவைத்தாள். மலைப்பாதைக்கென்றே செய்த தடித்த டயர் சைக்கிள். நாம் மிதித்தால் மோட்டாரும் கூடவே தள்ளும். பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடை வைத்திருக்கும் மலையாளத்து அம்மா, "இவிடெ வச்சோ சேச்சி" என்று கடைக்குப் பின்னால் இடமும் கொடுத்து, சார்ஜ் போட கரண்டும் கொடுத்தார். சேலையை விட்டுச் சுடிதாருக்கு மாறினேன். தோட்டத்துப் பெண்கள் ஒரு வாரம் சிரித்தார்கள். பிறகு அவர்களே, "அக்கா, என் தூக்குவாளிய அதுல மாட்டிக்கிறியா?" என்றார்கள். தோட்டம் எங்கள் கையிலேயே இருந்தது அந்தச் சைக்கிளால்தான்.

காய் எடுக்கிற நேரம், நல்ல மழை. ஏற்றத்தில் கியரை மாற்றினேன். கைப்பிடிக்குள் 'டப்' என்றது. கேபிள் அறுந்துவிட்டது. மழைத்தண்ணீர் உள்ளே இறங்கித் துருப்பிடித்திருக்கிறது. இருப்பதிலேயே கனமான கியரில் போய் மாட்டிக்கொண்டது. மோட்டார் தள்ளியும் சைக்கிள் ஏறவில்லை. உருட்டிக்கொண்டே டீக்கடைக்கு வந்து, ஆட்களை இறக்கப் போகிற ஜீப்பு மேல் போட்டுக்கட்டி, போடிக்குக் கொண்டுவந்தேன்.

சைக்கிள் கடைக்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இது குழாய்க்குள்ள ஓடுற கேபிளு, அக்கா. வெளிய ஓடுனா இப்பவே போட்டுருவேன். மோட்டாரு வேற குறுக்க உக்காந்திருக்கு. நான் கைவச்சு ஏதாவது ஆயிருச்சுன்னா?" என்றார். ஆனாலும் கேபிளும், அதற்கு மேல் மாட்டுகிற உறையும் தேடிக் கொடுத்தார்.

வீட்டு முற்றத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பழையதை உறையோடு சேர்த்து உருவி எறிந்துவிட்டு மகளுக்குப் போன் போட்டேன்.

"உருவிட்டியா? வால்ல நூல் கட்டிட்டுத்தானம்மா உருவுன?"

"எந்த நூலு?"

பழையதன் வாலில் நூலைக் கட்டி உருவியிருந்தால், அந்த நூலைப் பிடித்தே புதியதை இழுத்திருக்கலாமாம். இப்போது குழாய்க்குள் வழியே தெரியாது.

முன்பக்க ஓட்டையில் கேபிளை விட்டேன். போகும், எங்கேயோ முட்டும், சுருண்டு திரும்பிவரும். மத்தியானம்வரை இதே சோலி. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"மோட்டார்கிட்டப் போயி முட்டுது. சத்தம் கேக்கலையா ஒனக்கு?"

நாற்காலியிலிருந்து அவர்தான். அவராக வாய் திறந்து பேசியே நாளாகியிருந்தது. நான் திரும்பிப் பார்க்காமல், "அப்ப என்ன செய்யணும்?" என்றேன்.

"பேட்டரியக் கழட்டு. மோட்டாரு போல்டத் தளத்தி லேசா வெளிய இழு. இரு, நான் வர்றேன்."

சுவரைப் பிடித்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தையல் நூலைக் குழாயில் நுழைத்து, பின்பக்க ஓட்டையில் காற்றை உறிஞ்சினால் நூல் வந்துவிடும் என்று மகள் போனில் சொன்னாள். தெருமுனையில் வண்டி கழுவுகிற கடையில் தூசி உறிஞ்சும் மிஷின் உண்டு. கேட்கப் போனேன். ஒரு காலத்தில் எங்கள் ஜீப்பைக் கழுவியவர்தான் கடைக்காரர்.

"எதுக்கு மதினி?"

"அவரு கேக்குறாரு."

"அண்ணனா? அண்ணனா கேட்டாரு?" கையிலிருந்த பைப்பை அப்படியே போட்டுவிட்டு மிஷினைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினார்.

நூல் வந்தது. கேபிளைக் கட்டி இழுத்தால், மோட்டார் வளைவில் சிக்கி நூல் அறுந்தது. மறுபடியும் அறுந்தது. கடையில் வண்டி வந்து நிற்கிறது என்று ஆள் கூப்பிட, மிஷின் கொண்டுவந்தவர் மனமில்லாமல் கிளம்பிப் போனார்.

என் வீட்டுக்காரர் யோசித்துக்கொண்டே இருந்தார். "பரண்ல என் ஸ்பீக்கர் கெடக்கு. கொண்டா."

ஜீப்பை விற்கும்போது கழற்றிவைத்தது. அதைச் சுத்தியலால் தட்டி உடைத்து, உள்ளே இருந்த காந்தத்தை எடுத்தார். "கொழாய் அலுமினியம், அது ஒட்டாது. உள்ள இருக்கது இரும்புக் கம்பி. காந்தம் போற பக்கமெல்லாம் வரும். நீ மெதுவாத் தள்ளு."

நான் முன்னாலிருந்து கம்பியைத் தள்ளினேன். அவர் துணி சுற்றிய காந்தத்தைக் குழாய்மேல் நகர்த்தினார். உள்ளே கம்பி உரசுகிற சத்தம் கூடவே போனது. மோட்டாரைத் தாண்டியது. பின்குழாயில் இறங்கியது. ஓட்டையில் கம்பி நுனி எட்டிப் பார்த்தது.

"வந்திருச்சு! விட்டுறாதீங்க, பிடிங்க!" என்று கத்தினேன். எனக்கு இரண்டு கையும் வேலையாக இருந்தது. அவருடைய வலது கையில் காந்தம். இடது கைதான் போய்ப் பிடித்தது. இரண்டு விரல், நடுங்க நடுங்க, கம்பியை இடுக்கிக்கொண்டு நின்றது.

அவர் அதைக் கவனிக்கவில்லை. "என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? வெரசா உறையக் கோரு" என்றார்.

கம்பிமேல் உறையை ஓட்டி, இரண்டு பக்கமும் முடுக்கி, மோட்டாரைப் பழையபடி பொருத்தினோம். மிதிகட்டையைக் கையால் சுற்றிக் கியரை மாற்றினேன். சங்கிலி ஒவ்வொன்றாக ஏறியது, இறங்கியது. அப்போதுதான் அழுதேன். "இதுக்கா அழுவாக?" என்று அவர் சிரித்தார்.

மறுநாள் சைக்கிளை மலைக்கு அனுப்ப ஜீப்பைச் சொல்லியிருந்தேன். அவர் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "நானும் வர்றேன். இவனுக ஒழுங்காக் கட்டமாட்டானுக." டிரைவர் முன்சீட்டில் இருந்தவர்களைப் பின்னால் போகச் சொன்னார்.

அவரை டீக்கடையில் உட்காரவைத்துவிட்டு நான் தோட்டத்துக்குப் போனேன். ஏற்றத்தில் சைக்கிள் சுகமாக ஏறியது. மகளில் ஆரம்பித்து, எத்தனை பேர் கை இதில் பட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே மிதித்தேன்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது டீக்கடை முன்னால் பழைய டிரைவர்கள் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். நடுவில் அவர், ஏதோ ஒரு வளைவில் யார் ஹாரன் அடிக்கவில்லை என்று சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பஸ் வந்துவிட்டது. கூப்பிட்டேன்.

"நீ போ. நான் இவங்ககூட ஜீப்புல வர்றேன்" என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

நான் ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டேன்.